சிவகங்கை அரசி வேலு நாச்சியார்

முன்னுரை

தாம்பரத்தினின்று சென்னை நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் அமர்ந்து வருவார்க்கு, பல்லாவரமும் திரிசூலமும் மீனம்பாக்கமும் கடந்த சிறிது நேரத்தில் பரங்கிமலை கண்ணுக்குத் தோன்றும். நம் கல்லூரி மாணவருள் அம்மலையைக் காணாதார் இலர். ஆயினும், அதன் அடியில் நிகழ்ந்த ஒரு செய்தியை நினைப்பார் மிகச் சிலரே. 1769-ஆம் ஆண்டு வேனிற் பருவத்தில், மைசூர் நாட்டை ஆண்ட ஹைதர் அலி தம் பெரும்படையைப் பின்னே விடுத்து, குதிரை வீரர் சில ஆயிரவருடன் கடுகி வந்து இம்மலையடியில் பாசறை கொண்டார். சென்னைக் கோட்டையில் இருந்த ஆங்கிலக் கும்பெனியார் திகைத்தனர். அவர் விரும்பியவாறே ஓர் உடன்படிக்கைக்கு இசைந்தனர். போரிற் கைப்பற்றிய இடங்களை ஒருவர்க்கொருவர் திருப்பித் தருவதென்றும், ஒருவர்மேற் பிறர் படையெடுப்பின் மற்றவர் துணை புரிவதென்றும் அவ்வாண்டு ஏப்ரலில் உறுதி செய்யப்பட்டது.

அவ்வுறுதி காக்கப்படவில்லை. மராட்டியர் மைசூரின்மீது படையெடுத்தபோது கும்பெனியார் துணை அனுப்பிலர். அன்று ஹைதர் அலியின் உள்ளத்தில் மூண்ட சினம் ஆண்டுகள் பல கழிந்தும் தணியவில்லை. அச்சினமே, தெற்கே நெடுந்தொலைவில் கணவனையும் நாட்டையும் இழந்து மலையடிவாரத்தில் காத்திருந்த ஓர் அரசிக்குப் படைத்துணையாக வந்து வாய்த்தது. அவ்வரசியே சிவகங்கை வேலு நாச்சியார்.

வேலு நாச்சியாரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவர் வாளேந்திக் குதிரைமேல் வந்த காட்சியையே பேசுவர். அக்காட்சி வியக்கத்தக்கதே. ஆயினும், அவர் வரலாற்றைப் பயிலுந்தோறும் எம் உள்ளத்தைப் பிணிப்பது அக்காட்சிக்கு முற்பட்ட காலமே. நாட்டை இழந்த நாளுக்கும் மீட்ட நாளுக்கும் இடையே எட்டு ஆண்டுகள் கிடந்தன. அவ்வெட்டு ஆண்டுகளை அவ்வம்மையார் எவ்வாறு கழித்தார் என்பதை மனத்திற் கொண்டே இவ்வரலாற்றை எழுதத் துணிந்தோம்.

பிறப்பும் நாடும்

வையையாறு கடலை நோக்கிச் செல்லும் வழியில் பரந்து கிடக்கும் வறண்ட நிலமே மறவர் சீமை. மழை பெய்தாற் கண்மாய் நிறையும். கண்மாய் நிறைந்தால் வயல் விளையும். மழை பொய்த்தால் பனையும் கருவேலுமே எஞ்சும். அந்நாட்டை இராமேசுவரத்திற்குச் செல்லும் வழியின் காவலராகிய சேதுபதிகள் ஆண்டுவந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அரசுரிமை பற்றி எழுந்த பூசலின் முடிவில், ஏறக்குறைய 1730-இல், அச்சீமை ஐந்து கூறாக்கப்பட்டது. மூன்று கூறுகள் இராமநாதபுரத்துச் சேதுபதிக்கு ஆயின. இரண்டு கூறுகள் சசிவர்ணப் பெரிய உடையாத் தேவருக்கு ஆயின. அவ்விரண்டு கூறுகளே சிவகங்கைச் சீமை எனப் பெயர் பெற்றன. கும்பெனியார் தம் ஏடுகளில் இதனைச் சிறிய மறவர் நாடு என்று குறித்தனர்.

சிவகங்கை தோன்றிய அந்த 1730-ஆம் ஆண்டிலேயே வேலு நாச்சியார் இராமநாதபுரத்தில் பிறந்தார். தந்தையார் செல்லமுத்து விஜயரகுநாத சேதுபதி. தாயார் முத்தாத்தாள் நாச்சியார். பெற்றோர்க்கு இவர் ஒரே மகள். ஆண்மகவு இல்லாத குறை தோன்றாதவாறு மகனுக்குரிய பயிற்சிகளையெல்லாம் இவருக்கே அளித்தனர் என்பர். வாளும் வேலும் சிலம்பமும் குதிரையேற்றமும் இவர் பயின்றார். வளைந்த வடிவினதாய், வீசியெறிந்து பகையை வீழ்த்துவதற்குரிய வளரி என்னும் படைக்கலம் மறவர் சீமைக்கே சிறப்பாக உரியது. அதனை எறிவதிலும் இவர் தேர்ச்சி பெற்றார். தமிழேயன்றிப் பிற மொழிகள் சிலவும் கற்றார் என்று அந்நாட்டார் வழிவழியாகக் கூறுவர். அரண்மனைச் சிறுமி ஒருத்தி பிறமொழி கற்றதன் பயன் யாதென அக்காலத்தார் சிலர் வினவியிருத்தல் கூடும். அதற்கு விடை பின்னாளில் திண்டுக்கல்லிற் கிடைத்தது.

1746-ஆம் ஆண்டில், சசிவர்ணத் தேவரின் மைந்தராகிய முத்துவடுகநாதப் பெரிய உடையாத் தேவருக்கு இவர் மணஞ்செய்விக்கப்பட்டார். 1750-இல் முத்துவடுகநாதர் அரசுகட்டில் ஏறினார். இவர்களுக்குப் பிறந்த மகளார் வெள்ளை நாச்சியார். அரசருக்குப் பிரதானியாக அமைந்தவர் தாண்டவராய பிள்ளை என்னும் அறிவு முதிர்ந்த அமைச்சர். நரிக்குடிக்கு அருகில் உள்ள முக்குளத்தினராகிய பெரிய மருது, சின்ன மருது என்னும் உடன்பிறந்தார் இருவரும் அரசரின் பணியில் இருந்தனர். இருபது ஆண்டுகளுக்கு மேல் அவ்வரசு தடையின்றி நடைபெற்றது.

காளையார்கோயில்

அக்காலத்தில் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி தென்னாடு முழுவதற்கும் தாமே தலைவர் என்று கூறிவந்தார். அவருடைய தலைமையோ கும்பெனியாரின் படையை நம்பி நின்றது. போர்களுக்குப் படை தந்த கும்பெனியார்க்கும், வட்டிக்குப் பொருள் தந்த ஆங்கிலேயர் பலர்க்கும் அவர் கடன்பட்டிருந்தார். 1768-இல் சேப்பாக்கத்தில் எழுந்த அரண்மனையில் அவர் வாழ்ந்திருக்க, கடன் நாள்தோறும் வளர்ந்தது. அக்கடனைத் தீர்ப்பதற்குத் தெற்கே இருந்த அரசர்களிடமும் பாளையக்காரர்களிடமும் கப்பம் தண்டுவதே அவர் கண்ட வழி. ஆகவே, சென்னையில் வளர்ந்த கடனுக்காகச் சிவகங்கைக் குடியானவனின் களத்து நெல் அளக்கப்பட வேண்டியதாயிற்று. கப்பம் செலுத்தவில்லை என்னும் குற்றம் மறவர் அரசர்மேற் சாற்றப்பட்டது.

1772-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் நவாபின் படையும், ஜோசப் ஸ்மித் என்னும் தளபதியின் கீழ்க் கும்பெனியின் படையும் இராமநாதபுரக் கோட்டையை வீழ்த்தின. அங்கே அரசராக இருந்தவர் முத்துராமலிங்க சேதுபதி என்னும் சிறுவர். அவர் சார்பில் ஆட்சி நடத்திவந்தவர் தாயாராகிய முத்துத் திருவாயி நாச்சியார். தாயும் மகனும் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிறையில் வைக்கப்பட்டனர். 1781-ஆம் ஆண்டிலேயே அம்மைந்தர் விடுதலை பெற்றார். பிடிபட்டிருந்தால் வேலு நாச்சியாருக்கும் அவர் மகளாருக்கும் நேர்ந்திருக்கக்கூடிய நிலை இதுவே என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இராமநாதபுரம் வீழ்ந்த பின், படை சிவகங்கைமேல் திரும்பிற்று. முத்துவடுகநாதர் காளையார்கோயிலில் இருந்தார். சங்க நூல் பயின்ற மாணவர்க்கு அவ்வூர் புதியதன்று. உக்கிரப்பெருவழுதி என்னும் பாண்டியன் வேங்கைமார்பனை வென்று கைக்கொண்ட கானப்பேரெயில் என்னும் அரண் இவ்வூரே என்று அறிஞர் கூறுவர். ஆழ்ந்த அகழியும் காவற்காடும் சூழ்ந்த அரணென்று புறநானூறு போற்றும் அவ்வூரைச் சூழ்ந்து, முத்துவடுகநாதர் காலத்திலும் அடர்ந்த முட்காடு இருந்தது. நம் கல்லூரி வளாகத்தில் நாம் பாதையை விட்டு நான்கடி விலகினால் ஆடையைப் பற்றும் சூரையும் காரையும் நினைவிற்கு வருகின்றன. அத்தகைய புதர்கள் காத வழிக்கு நெருங்கிக் கிடப்பின் அந்நிய நாட்டுப் படை எவ்வாறு நுழையும்? காடே அவ்வரசருக்குக் கோட்டையாக அமைந்தது.

ஆயினும் அன்று காடு காக்கவில்லை. உடன்பாடு பற்றிய பேச்சு நடந்துவந்தமையால் போர் உடனே மூளாது என்று அரசர் நம்பியிருந்தார். கிழக்கிலிருந்து ஸ்மித்தின் படையும், மேற்கிலிருந்து பான்ஜோர் என்பவரின் படையும் நெருங்கின. ஜூன் மாதம் 25-ஆம் நாள் நிகழ்ந்த தாக்குதலில் முத்துவடுகநாதர் குண்டுபட்டு வீழ்ந்தார். வீரர் பலரும் உடன் மாண்டனர். சிவகங்கை நவாபின் கைப்பட்டது. ஊரின் பெயரும் உசேன் நகர் என்று மாற்றப்பட்டது. ஊர்ப்பெயரையும் அழித்துவிட்டால் உரிமை கேட்பார் இரார் என்று வென்றவர் கருதினர் போலும்.

மூன்றாவது வழி

அன்று வேலு நாச்சியாருக்கு வயது நாற்பத்திரண்டு. கணவனை இழந்த தலைவிக்கு நம் பழைய நூல்கள் கூறும் நிலைகளை இவ்விடத்தில் எண்ணிப் பார்த்தல் தகும். தொல்காப்பியர் காஞ்சித்திணையில் இரு துறைகளை வகுத்தனர். கணவனோடு தானும் எரி புகுதல் ஒன்று. அதனை மாலைநிலை என்பர். அணிகளைக் களைந்து, அல்லியரிசி உண்டு, தவம் போன்ற கைம்மை நோன்பில் வாழ்நாளைக் கழித்தல் மற்றொன்று. அதனைத் தாபதநிலை என்பர். பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு முதல் வழியைத் தேர்ந்தாள். புலமை மிக்க அவ்வரசியே அவ்விரண்டையன்றி வேறொரு வழி இருப்பதாகக் கண்டிலள்.

இது பழங்கதை என்று தள்ளிவிடலாகாது. 1710-ஆம் ஆண்டில் கிழவன் சேதுபதி இறந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் ஒரே சிதையில் எரிந்தனர் என்று அக்காலத்துப் பாதிரிமார் தம் நாட்டுக்கு எழுதிய கடிதங்களில் குறித்துள்ளனர். அது வேலு நாச்சியார் பிறந்த அரசமரபிலேயே, அவர் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. அரண்மனைப் பெண்டிர் அச்செய்தியைச் சொல்லச் சொல்லக் கேட்டே அச்சிறுமி வளர்ந்திருப்பார் அன்றோ! ஆகவே, கணவர் மறைந்த செய்தி வந்த அன்று, உற்றாரும் ஊராரும் அவரிடம் எதிர்பார்த்திருக்கக்கூடியது இன்னதென்று நாம் உய்த்துணரலாம்.

அவர் எரி புகவில்லை. நோன்பில் ஒடுங்கவும் இல்லை. மகளாரை அழைத்துக்கொண்டு, தாண்டவராய பிள்ளையும் மருது சகோதரரும் துணைவர, மேற்கு நோக்கிப் புறப்பட்டார். இலக்கணத்தில் துறை வகுக்கப்படாத மூன்றாவது வழி அது. அதனை ஓட்டம் என்று இகழ்வார் அன்றும் இருந்திருப்பர். களத்தில் மாள்வது எளிதன்று. ஆயினும் அது ஒரு நாழிகையில் முடிந்துவிடுகின்றது. தோற்றவர் என்னும் பெயரோடு உயிர் வாழ்ந்து, அப்பெயரை மாற்றும் நாள் வருமளவும் பொறுத்திருப்பதற்கு வேறொரு வகை உறுதி வேண்டும்.

அவர் காலத்திலேயே வடக்கில் இவ்வழியிற் சென்ற மற்றோர் அம்மையாரும் இருந்தார். இந்தூர் அகலியாபாய் 1754-இல் கணவரைப் போரில் இழந்தபோது எரி புக முற்பட்டார். மாமனார் மல்ஹர்ராவ் ஹோல்கர் தடுத்தமையால் உயிர் வாழ்ந்தார். 1767 முதல் 1795 வரை அரசு நடத்தி இந்தியா முழுவதும் புகழப்பெற்றார். சீன நாட்டிலும் இத்தகையார் ஒருவரைக் காண்கிறோம். 1574-இல் பிறந்த சின் லியாங்யூ என்னும் உயர்குடிப் பெண்மணி, குறுநிலத் தலைவராகிய தம் கணவர் 1613-இல் சிறையில் இறந்தபின், அவருடைய பதவியைத் தாமே ஏற்றார். மிங் அரசமரபைக் காக்க மஞ்சூரியரை எதிர்த்துப் படை நடத்தினார். சீன வரலாற்றாசிரியர் கற்பிற் சிறந்த மகளிர்க்கெனத் தனிப் பகுதி அமைப்பது வழக்கம். மிங் வரலாற்றை எழுதினோர் இவரை அப்பகுதியில் வைக்காது, படைத்தலைவர் வரிசையிலேயே வைத்தனர். நம் இலக்கணத்திலும் அவ்வாறு ஓரிடம் ஒழிந்திருப்பின், அது வேலு நாச்சியாருக்கு உரியதாகும்.

எட்டு ஆண்டுகள்

திண்டுக்கல்லினின்று பழனிக்குச் செல்லும் வழியில், மலையடிவாரத்தில் உள்ளது விருப்பாட்சி. அது கோபால நாயக்கர் என்னும் பாளையக்காரரின் ஊர். நாடிழந்த அரசிக்கு இடமளிப்பது நவாபின் பகையையும் கும்பெனியின் பகையையும் விலைக்கு வாங்குவதாகும். அதனை அறிந்தே கோபால நாயக்கர் அவருக்கு இடமளித்தார். அடைக்கலம் புகுந்தாரைக் கைவிடாமை பேரரசர்க்கே உரிய அறம் என்று எண்ணுகிறோம். சிற்றூர்த் தலைவர் ஒருவர் அதனைச் செய்து காட்டினார்.

அவ்வூரில் வேலு நாச்சியார் வாளா இருந்தாரல்லர். காளையார்கோயில் வீழ்ந்த ஆறு மாதத்திற்குள், 1772-ஆம் ஆண்டு டிசம்பரில், தாண்டவராய பிள்ளை அரசியாரின் பொருட்டு ஹைதர் அலிக்கு ஒரு திருமுகம் எழுதினார். குதிரை வீரர் 5,000 பேரும் காலாட்கள் 5,000 பேரும் தந்து உதவ வேண்டும் என்பது அதன் கருத்து. திண்டுக்கல் அப்போது ஹைதர் அலியின் ஆட்சியில் இருந்தது. இத்திருமுகம் இரங்கத்தக்க புலம்பலன்று. இத்துணைப் படை வேண்டுமென்று எண்ணிக் கணக்கிட்டுக் கேட்ட விண்ணப்பம். கணவரை இழந்த துயர் ஆறாத அந்நாளிலேயே மீட்சிக்கு வேண்டும் படையை அவர்கள் அளந்து வைத்திருந்தனர்.

படை வரவில்லை. மராட்டியரோடு நிகழ்ந்த போரில் ஹைதர் அலி பெரிதும் இழந்திருந்தார். இழந்தவற்றை மீட்பதும் குடகிலும் மலையாளத்திலும் தம் ஆட்சியை நிலைநிறுத்துவதுமே அடுத்த ஆண்டுகளில் அவருக்கு வேலையாயிற்று. இதற்கிடையே தாண்டவராய பிள்ளையும் இறந்தார். அரசியாரின் மாமனார் காலம்முதல் அவ்வரசைத் தாங்கிநின்ற முதியவர், சிவகங்கையை மீண்டும் காணாமலே கண் மூடினார். எம் கருத்தில், காளையார்கோயிலுக்கு அடுத்தபடியாக அவ்வம்மையாருக்கு நேர்ந்த பேரிழப்பு இதுவே.

இவ்விடத்திற் சற்று நிற்போம். வரலாற்று நூல்கள் இக்காலத்தை ஒன்றிரண்டு வரிகளிற் கடந்து செல்கின்றன. நாம் அவ்வாறு கடத்தல் தகாது. எட்டு ஆண்டுகள் என்பவை எட்டு மாரியும் எட்டு வேனிலும் ஆகும். ஒவ்வோர் ஆண்டும் இவ்வாண்டு படை வரும் என்று நம்பியிருத்தல் வேண்டும். வாராதபோது உடனிருப்பார் மனம் தளராமற் காத்தல் வேண்டும். உண்பது பிறர் சோறு. உறைவது பிறர் மனை. வளர்ந்துவரும் மகளுக்கு, அவள் அரசமகள் என்பதை மறவாதவாறு நினைவூட்டவும் வேண்டும். நாட்டில் எஞ்சிய உறவினர்க்கும் அம்பலக்காரர்க்கும் மறைவாகச் செய்தி அனுப்பித் தம்மேல் அவர் கொண்ட பற்று அற்றுப்போகாமற் பேணவும் வேண்டும். அப்பற்று அற்றிருப்பின், பின்னாளில் எத்துணைப் பெரிய படை வந்தும் அரசியாரை வரவேற்க ஊர்கள் எழுந்திரா. மருது சகோதரர் சீமைக்குள் வந்தும் போயும் ஆள் திரட்டினர். நவாபின் ஆட்களுக்கு வரி கொடாமல் குடிகள் இடர் செய்தனர்.

அரசியார் தாமே திண்டுக்கல்லிற்குச் சென்று ஹைதர் அலியைக் கண்டு, அவருக்குப் பழகிய உருது மொழியிலேயே உரையாடித் தம் குறையை எடுத்துரைத்தார் என்னும் செய்தி மக்களிடையே வழங்குகின்றது. இளமையிற் கற்ற மொழி அவ்வாறு பயன் தந்ததென்று சிவகங்கையார் பெருமையோடு சொல்லுவர்.

உடையாள் என்னும் ஏழைப் பெண்ணைப் பற்றிய கதையும் அச்சீமையில் வழங்குகின்றது. அரசியார் சென்ற வழியைக் காட்டுமாறு பகைவர் வற்புறுத்த, அவள் காட்ட மறுத்து வெட்டுண்டு இறந்தாள் என்பர். கொல்லங்குடியை அடுத்த அரியாக்குறிச்சியில் உள்ள வெட்டுடையார் காளி கோயில் அவள் நினைவோடு பிணைத்துப் பேசப்படுகின்றது. அரசியார் தம் திருமாங்கலியத்தை அங்கே காணிக்கையாக்கினார் என்றும் சொல்லுவர். அரசியின் பெயரோடு ஓர் ஏழைப் பெண்ணின் பெயரையும் இணைத்துப் போற்றுதல் அம்மக்களின் நன்றியுணர்வைக் காட்டுகின்றது.

மீட்சி

1779-ஆம் ஆண்டில் கும்பெனியார், ஹைதர் அலியின் காவலில் இருந்த மாகி என்னும் பிரெஞ்சுத் துறைமுகத்தைக் கைப்பற்றினர். பரங்கிமலையடியில் தந்த உறுதியைக் காவாதவர்கள் இப்போது அவருடைய காவலையும் மீறினர். 1780-ஆம் ஆண்டு ஜூலையில் ஹைதர் அலி பெரும்படையுடன் கணவாய்களின் வழியே கருநாடகத்துள் இறங்கினார். செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், பெய்லி என்பவரின் கீழ் வந்த கும்பெனிப் படை முற்றும் அழிந்தது. துணை செய்ய வந்திருந்த மன்றோவின் படை, பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் எறிந்துவிட்டுச் செங்கற்பட்டின் வழியாகச் சென்னையை நோக்கிப் பின்வாங்கிற்று. செங்கற்பட்டிலிருந்து பரங்கிமலைக்கு வரும் வழி நம் தாம்பரத்தை ஒட்டியதே. நாம் மாலையில் உலாவும் இப்பகுதிகளில் அன்று எத்துணைக் கலக்கம் நிலவியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

வடக்கில் நவாபின் கையும் கும்பெனியின் கையும் இவ்வாறு கட்டுண்டிருந்த அவ்வாண்டிலேயே, வேலு நாச்சியார் தெற்கே புறப்பட்டார். ஹைதர் அலி தந்த படையும், மருது சகோதரர் திரட்டிய மறவர் படையும் அவருடன் சென்றன. ஆங்காங்கு எதிர்ப்பட்ட நவாபின் படைகளை வென்று சிவகங்கையை அடைந்தனர். உசேன் நகர் என்னும் பெயர் மறைந்தது. சிவகங்கை மீண்டும் சிவகங்கையாயிற்று. அரசியாருக்கு அப்போது வயது ஐம்பது.

சிவகங்கையிற் புகுந்த நாள் நவராத்திரிக் காலத்தை ஒட்டியது என்றும், வழிபடச் செல்லும் பெண்டிர் கூட்டத்தோடு பெண்கள் படை ஒன்று கோட்டைக்குள் நுழைந்தது என்றும், குயிலி என்பவர் தம் உடம்பில் தீயிட்டுக்கொண்டு பகைவரின் வெடிமருந்துக் கிடங்கிற் பாய்ந்தார் என்றும் மக்கள் கூறுவர். இச்செய்தி கும்பெனியாரின் ஏடுகளால் அன்றி மக்களின் வாய்மொழியாலேயே வாழ்கின்றது. ஏட்டிற்கும் வாய்மொழிக்கும் வேறுபாடு அறிதல் மாணவர் கடமையே. ஆயினும், ஒரு செய்தியை மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிவந்ததற்கு ஒரு காரணம் இருக்கும். கணவனுக்காகப் பெண் தீயிற் புகுந்த கதையையே நெடுங்காலம் சொல்லிவந்த ஒரு நாடு, பெண்ணொருத்தி தன் நாட்டிற்காகத் தீயிற் புகுந்த கதையைச் சொல்லத் தொடங்கியது வேலு நாச்சியாருக்குப் பின்னரே என்பதை எண்ணி வியக்கிறோம்.

ஆட்சியும் இறுதியும்

மீட்ட நாட்டை ஆள்வது மீட்பதினும் கடினமாக இருந்தது. அரசியார் பெரிய மருதுவைத் தளவாயாகவும் சின்ன மருதுவைப் பிரதானியாகவும் அமர்த்தினார். சிதைந்த கண்மாய்களும் சிதறிய குடிகளும் மீண்டும் நிலைபெற வேண்டியிருந்தன. 1782-ஆம் ஆண்டு டிசம்பரில் ஹைதர் அலி இறந்தார். அடுத்த ஆண்டிலேயே புல்லர்ட்டன் என்னும் தளபதி கும்பெனிப் படையுடன் வந்து கப்பம் கேட்டார். துணைவர் மறைந்தவுடன் பழைய பகை திரும்பிற்று. பொருள் தந்து அதனை அப்போதைக்கு விலக்கினர்.

வெள்ளை நாச்சியார் வேங்கன் பெரிய உடையாத் தேவரை மணந்தார். மருமகனுக்கும் மருது சகோதரர்க்கும் செல்வாக்குப் பற்றிய பிணக்கு எழுந்தது. அரசியாருக்கும், எட்டு ஆண்டுகள் தமக்காக இன்னல் உற்ற அவ்வுடன்பிறந்தார்க்கும் இடையே மனவேற்றுமை வளர்ந்தது. வீரர் வரலாற்றை எழுதுவோர் இப்பகுதியை மறைத்துவிட விரும்புவர். மறைத்தல் முறையன்று என்பது எம் கருத்து. துன்பத்தில் ஒன்றுபட்டிருந்தவர்கள் ஆட்சியில் வேறுபடுதல் உலகியற்கை. அதனால் முன்னைய அன்பு பொய்யாகிவிடாது. 1789-இல் கும்பெனிப் படை மீண்டும் சிவகங்கைச் சீமையிற் புகுந்தது. போரும் பேச்சும் முடிந்தபின், வேங்கன் பெரிய உடையாத் தேவர் பெயரால் ஆட்சி நடைபெற்றது. செல்வாக்கு மருது சகோதரரிடமே நிலைத்தது.

முதுமையில் வேலு நாச்சியார் அரசியலினின்று ஒதுங்கி வாழ்ந்தார். 1796-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், அறுபத்தாறாம் வயதில் இம்மண்ணுலகை நீத்தார்.

அவருக்குப் பின் ஐந்தாண்டுகளுள் எல்லாம் முடிந்தது. 1801-இல் கும்பெனியை எதிர்த்து எழுந்த பெரும்போரில் விருப்பாட்சிக் கோபால நாயக்கரும் மருது சகோதரரும் ஒருங்கு நின்றனர். அப்போராட்டத்தில் அவர்கள் அனைவரும் உயிர் நீத்தனர். மருது சகோதரர் அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். மறு ஆண்டு வேங்கன் பெரிய உடையாத் தேவர் பினாங்குத் தீவிற்கு நாடுகடத்தப்பட்டார். சிவகங்கை கும்பெனிக்கு அடங்கிய ஜமீனாயிற்று.

முடிவுரை

அங்ஙனமாயின், எட்டு ஆண்டுக் காத்திருப்பால் விளைந்த பயன் யாது என்று ஒருவர் வினவலாம். மீட்ட அரசு இருபத்தோர் ஆண்டுகளே நிலைத்தது. மீட்டதும் தம் வலியால் மட்டும் அன்று. பிறர் போரின் நடுவே வாய்த்த காலத்தால் மீட்டார். இவ்வினாவை யாமும் எம்முள்ளே பலகால் எழுப்பியதுண்டு.

காலம் வாய்த்தது உண்மை. அவ்வாண்டில் அது தென்னாட்டில் நாடிழந்தார் பலர்க்கும் வாய்த்தது. அதனைப் பயன்கொள்ள ஆயத்தமாக நின்றவர் சிலரே. 1772-இல் எழுதிய திருமுகத்திற்கு 1780-இல் விடை வந்தபோது, அதனைப் பெற்றுக்கொள்ள அவர் அங்கே இருந்தார், உடனிருந்தாரும் பிரியாதிருந்தனர், நாட்டு மக்களும் அவரை மறவாதிருந்தனர். காலத்தை வரவழைத்தல் எவர்க்கும் இயலாது. வரும்போது ஆயத்தமாக இருத்தல் இயலும். எட்டு ஆண்டுகளும் அவர் செய்த தொழில் இதுவே. அவ்விருபத்தோர் ஆண்டுகளிலேதான் காளையார்கோயிலில் மருது சகோதரரின் பேரால் விளங்கும் உயர்ந்த கோபுரம் எழுந்தது. அந்நாட்டு மக்கள் தம் அரசின்கீழ்த் தம் ஊரில் வாழ்ந்தனர். அவ்வாழ்வைச் சிறிதென்று சொல்ல நாம் யார்?

சான்சி ராணி இலக்குமிபாயின் புகழை நாம் பள்ளியிலேயே கற்றோம். அவர் போரிட்ட 1857-ஆம் ஆண்டிற்கு 77 ஆண்டுகள் முன்னரே தமிழ்நாட்டு அரசி ஒருவர் கும்பெனிப் படையின் துணையோடு பறிக்கப்பட்ட நாட்டை மீட்டார் என்பதை நெடுங்காலம் நம்மிற் பலர் அறியாதிருந்தோம். 2008-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது. 2014-இல் சிவகங்கையில் அவருக்கு நினைவு மண்டபம் திறக்கப்பட்டது. இவை காலம் தாழ்த்து வந்த சிறப்புக்கள். தாழ்த்து வந்ததை ஏற்றுக்கொள்ளும் பொறுமை அப்பெருமாட்டியாருக்குப் புதியதன்று.

அன்பர்களே! தேர்வில் ஒருமுறை தவறினாலே உலகம் முடிந்தது எனக் கருதிச் சோர்ந்து கிடக்கும் இளைஞர் நம்மிடையே உளர். யாமும் அவ்வாறு சோர்ந்ததுண்டு. அடுத்த முறை ரயிலில் பரங்கிமலையைக் கடக்கும்போது, நாற்பத்திரண்டு வயதில் எல்லாம் இழந்து, ஐம்பது வயதில் எல்லாம் மீட்ட ஓர் அம்மையாரைச் சற்றே நினைப்போமாக.